'ஃப்ரீ சைஸ்' தொப்பி எல்லார் தலைக்கும் பொருந்துமா? எலாஸ்டிக் துணிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

2021 ஜூலை. டோக்கியோ ஒலிம்பிக் தொடங்க இன்னும் சில வாரங்களே இருந்தன. அப்போது ஒரு நீச்சல் தொப்பி உலகச் செய்தி ஆனது. லண்டனைச் சேர்ந்த 'சோல் கேப்' என்ற நிறுவனம், அடர்த்தியான சுருள் முடியும் நீண்ட பின்னல்களும் உள்ளவர்களுக்காகக் கொஞ்சம் பெரிதாக ஒரு தொப்பியைச் செய்திருந்தது. அதை ஒலிம்பிக்கில் அணிய சர்வதேச நீச்சல் கூட்டமைப்பான ஃபினா அனுமதி மறுத்தது. தொப்பி தலையின் இயல்பான வடிவத்தை ஒட்டி இல்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று.

உடனே எழுந்த கேள்வி இதுதான்: தலையின் 'இயல்பான வடிவம்' என்றால் யாருடைய தலை?

கடையில் 'ஃப்ரீ சைஸ்' என்று சீட்டு ஒட்டி விற்கும் சாதாரண கேப்பிலும் இதே கேள்வி ஒளிந்திருக்கிறது. துணி இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது, அப்புறம் என்ன பிரச்சனை என்று தோன்றும். ஆனால் ஒரே தொப்பி பல தலைகளுக்குப் பொருந்த வேண்டுமென்றால் நூல், தையல், அழுத்தம், மண்டையோட்டின் வடிவம் என்று நிறைய விஷயங்களைச் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது. அது எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது?

தலைக்கும் தலைக்கும் எவ்வளவு வித்தியாசம்?

தொப்பிக்காகத் தலையை அளக்கும்போது புருவத்துக்குச் சற்று மேலே ஆரம்பித்து, காதுகளுக்கு மேலாகப் போய், பின்னந்தலை அதிகமாகத் துருத்தி நிற்கும் இடத்தைச் சுற்றி டேப்பைக் கொண்டுவர வேண்டும். பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தச் சுற்றளவு 54 முதல் 62 செ.மீ.க்குள் வந்துவிடும். ஆண்களின் சராசரி சுமார் 57. பெண்களுக்கு அதைவிட ஒன்றிரண்டு செ.மீ. குறைவு.

8 செ.மீ. வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் அரை செ.மீ. கூடினாலே தொப்பி காற்றில் பறக்கும், அரை செ.மீ. குறைந்தாலே நெற்றியில் கோடு விழும்.

அமெரிக்காவில் தொப்பி அளவை 7, 7⅛, 7¼ என்று பின்னத்தில் எழுதுவார்கள். பலருக்கும் இது புரியாத புதிர். சுற்றளவை பை என்னும் 3.14-ஆல் வகுத்து அங்குலத்தில் சொன்னால் வருவதுதான் இந்த எண், அதாவது தலையை ஒரு வட்டமாக நினைத்துக்கொண்டால் அதன் விட்டம். 57 செ.மீ. தலைக்கு 7⅛ வரும். எண்ணில் ⅛ அங்குலம் ஏறினால், சுற்றளவில் ஏறக்குறைய 1 செ.மீ. ஏறும்.

இப்போது ஒரு கடைக்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். 6⅞ முதல் 8 வரை வைத்தால் ஒரே டிசைனில், ஒரே நிறத்தில் 10 அளவுகள். ஐந்து நிறம் வைத்தால் 50 வகை சரக்கு. 7¼ தீர்ந்துபோய்விடும், 8 வருஷக்கணக்கில் அலமாரியில் தூங்கும். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் 1920-ல் தொடங்கிய 'நியூ எரா' நிறுவனத்தின் '59ஃபிஃப்டி' போன்ற தொப்பிகள் இன்றும் இப்படித்தான், தலை அளவுக்கு ஏற்பத் தனித்தனியாக வருகின்றன. பேஸ்பால் ரசிகர்கள் அதைத் தேடி வாங்குவதற்கும் அந்தக் கச்சிதம் ஒரு காரணம். ஆனால் எல்லாக் கடைக்காரருக்கும் இது கட்டுப்படியாகாது. எலாஸ்டிக் தொப்பிக்கான தேவை தலையிலிருந்து வந்தது பாதி, குடோனிலிருந்து வந்தது பாதி.

பட்டன் பட்டை போதாதா?

முதலில் வந்த எளிய தீர்வு, பின்பக்கம் அரைவட்டமாக வெட்டி ஒரு பிளாஸ்டிக் பட்டை வைப்பது. வரிசையாக ஓட்டை, எதிர்ப்பக்கம் குமிழ். தலைக்கு ஏற்ற ஓட்டையில் அழுத்திக்கொள்ளலாம். 'ஸ்னாப்பேக்' என்பது இதுதான். பெல்க்ரோ ஒட்டுப்பட்டை, உலோகக் கொக்கி எல்லாம் இதன் தம்பிகள்.

விலை மலிவு, வேலை சுலபம். ஆனால் அளவு ஓட்டைக்கு ஓட்டை தாவித்தான் மாறும். இரண்டு ஓட்டைக்கு நடுவில் இருக்கும் தலைக்கு வழியில்லை. பின்னால் இருக்கும் அந்த இடைவெளி சிலருக்குப் பிடிக்காது. அதேநேரம், குதிரைவால் போடும் பெண்களுக்கு அந்த ஓட்டை ஒரு வரம். பின்பக்கம் முழுக்க மூடிய எலாஸ்டிக் கேப் வந்தபோது அவர்கள் இழந்தது அதைத்தான். இந்தக் கணக்கை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

துணி ஏன் நீள்கிறது?

ஊட்டி, கொடைக்கானல் போய் வந்தவர்கள் வீட்டில் ஒரு மங்கி குல்லா இருக்கும். அதில் ரப்பர் எதுவும் கிடையாது. ஆனாலும் தாத்தா தலைக்கும் போகும், பேரன் தலைக்கும் போகும். காரணம் பின்னல். நெய்த துணியில் நூல்கள் பாவும் ஊடுமாக நேராகக் கிடக்கும். இழுத்தால் நீள இடமில்லை. பின்னிய துணியில் ஒவ்வொரு நூலும் வளையம் வளையமாக இருக்கும். இழுக்கும்போது வளையம் நேராகி இடம் கொடுக்கும். சட்டைத் துணிக்கும் பனியன் துணிக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

நெய்த துணியையும் கொஞ்சம் நீள வைக்கலாம். அதற்கு மூலைவாட்டில் வெட்ட வேண்டும். நம்மூர் டெய்லர்கள் 'கிராஸ் கட்' பிளவுஸ் தைக்கும்போது செய்வது இதைத்தான். துணி உடம்போடு படிந்து உட்காரும்.

இரண்டிலும் ஒரு குறை உண்டு. நீண்டது முழுசாகத் திரும்பி வராது. மங்கி குல்லா நாலு சீசன் போட்டால் தொளதொளவென்று ஆகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆக, தொப்பிக்குத் தேவை நீளும் துணி மட்டுமல்ல, திரும்பி வரும் துணி.

அதைக் கொடுத்தது ஸ்பாண்டெக்ஸ். அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனத்தில் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் 1958-ல் இந்த இழையை உருவாக்கினார். பெண்களின் உள்ளாடைகளில் பயன்பட்ட ரப்பருக்கு மாற்று தேடியதில் கிடைத்தது இது. விரிவடைகிறது என்று பொருள்படும் 'எக்ஸ்பேண்ட்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் ஸ்பாண்டெக்ஸ். ஐரோப்பாவில் எலாஸ்டேன் என்பார்கள். நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்த 'லைக்ரா' என்பது உண்மையில் அதன் ஒரு பிராண்ட் பெயர். திருப்பூரில் லெக்கிங்ஸுக்கு ஓடும் காட்டன் லைக்ரா துணியில் இருப்பதும் இதே இழைதான்.

இதன் மூலக்கூறில் இரண்டு பகுதிகள் மாறி மாறி வரும். ஒன்று மென்மையானது, நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். இழுத்தால் அது பிரிந்து நீளும். இன்னொன்று கெட்டியானது, பக்கத்து மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இழுப்பதை விட்டதும் மென்பகுதி பழையபடி சுருண்டுகொள்ளும். தன் நீளத்தைப் போல ஐந்து மடங்கு வரை இழுத்தாலும் அறுந்துபோகாமல் திரும்பி வரக்கூடிய இழை இது.

இதைத் தனியாக யாரும் துணியாக நெய்வதில்லை. ஸ்பாண்டெக்ஸை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் பருத்தியையோ பாலியஸ்டரையோ சுற்றுவார்கள். பிடியை விட்டதும் உள்ளே இருப்பது சுருங்கும். மேலே சுற்றியதும் கூடவே நெருங்கிக்கொள்ளும். தொடும்போது பருத்தி, இழுக்கும்போது எலாஸ்டிக். ஒரு தொப்பித் துணியில் 3% ஸ்பாண்டெக்ஸ் இருந்தாலே வேலை நடந்துவிடும்.

தொப்பி உலகில் இந்த யோசனையைப் பெரிய வியாபாரமாக்கியது தென்கொரியா. 1974-ல் தொடங்கிய 'யூபூங்' நிறுவனம் 1990-களில் 'ஃப்ளெக்ஸ்ஃபிட்' என்ற பெயரில் எலாஸ்டிக் தொப்பியைக் கொண்டுவந்தது. உள்ளே வியர்வையை உறிஞ்சும் பட்டையிலும் தொப்பியின் உடல் துணியிலும் ஸ்பாண்டெக்ஸ். பின்னால் ஓட்டையும் இல்லை, பட்டையும் இல்லை. பின்னர் மற்ற பெரிய நிறுவனங்களும் இதே வழிக்கு வந்தன. நியூ எராவிலேயே இப்போது '39தர்ட்டி' என்று ஒரு எலாஸ்டிக் வகை உண்டு.

சிக்கல் நீள்வதில் இல்லை, அழுத்தத்தில்

54 செ.மீ. தலைக்கும் 61 செ.மீ. தலைக்கும் ஒரே தொப்பி என்றால் துணி நீள வேண்டியது 13% மட்டுமே. ஐந்து மடங்கு நீளக்கூடிய இழைக்கு இது ஜுஜுபி. அப்படியென்றால் வடிவமைப்பாளர் எதற்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்?

எலாஸ்டிக்கை இழுக்க இழுக்க அது திரும்ப இழுக்கும் விசையும் கூடும். ஒரு சின்னக் கணக்கு. சும்மா இருக்கும்போது 52 செ.மீ. இருக்கும் ஒரு எலாஸ்டிக் பட்டை. 54 செ.மீ. தலையில் அது 2 செ.மீ. நீள்கிறது. 61 செ.மீ. தலையில் 9 செ.மீ. நீள்கிறது. நீளத்துக்கு ஏற்ப விசை கூடும் என்று வைத்துக்கொண்டால், பெரிய தலைக்காரருக்கு இறுக்கம் நாலரை மடங்கு. சின்னத் தலைக்கு அளவாகப் பிடிக்கும் தொப்பி, பெரிய தலைக்குச் சித்திரவதை. பெரிய தலைக்கு இதமாக இருக்கும்படி செய்தால், சின்னத் தலையில் நிற்கவே நிற்காது.

இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. பட்டையை 44 செ.மீ. என்று இன்னும் சிறிதாக்கி, ஆனால் மிக மென்மையான எலாஸ்டிக்கில் செய்ய வேண்டும். இப்போது சின்னத் தலையிலேயே அது 10 செ.மீ. நீளும், பெரிய தலையில் 17. வித்தியாசம் 1.7 மடங்குதான். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே பிடி. கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஆனால் எல்லாருக்கும் பொருந்தும் தொப்பி என்பது ரொம்பச் சின்னதாக ஆரம்பிக்க வேண்டும்.

சரி, அப்படியே செய்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் அடுத்த முட்டுக்கட்டை. 44 செ.மீ.க்குச் சுருங்கும் பட்டையோடு தைத்த தொப்பி, கடையில் தொங்கும்போது வற்றல் மாதிரி சுருங்கிக் கிடக்கும். நீச்சல் தொப்பிக்கும் நைட் கேப்புக்கும் அது பரவாயில்லை. முன்னால் லோகோ வைத்து, விறைப்பாக நிற்க வேண்டிய பேஸ்பால் கேப்பை யார் அப்படி வாங்குவார்கள்? அதனால் அழகுக்கும் சௌகரியத்துக்கும் நடுவில் எங்கோ ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

இறுக்கம் என்பது வெறும் அசௌகரியமும் அல்ல. தலைவலிகளுக்கான சர்வதேச வகைப்பாட்டில், வெளியிலிருந்து தலையை அழுத்துவதால் வரும் வலிக்கென்றே தனி இடம் உண்டு. ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி, இறுக்கமான தலைப்பட்டை போன்றவற்றால் வருவது. அழுத்தம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வரும். அழுத்தும் இடத்தில்தான் அதிகமாக வலிக்கும். கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். கேப் போட்டால் தலை வலிக்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

முன்பக்கம் நீளவே நீளாது

பேஸ்பால் கேப்பில் வெயில் மறைக்க முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குள் கெட்டியான பிளாஸ்டிக் தகடு இருக்கிறது. அது தைக்கப்பட்டிருக்கும் இடம் நீளாது. அதற்கு மேலே லோகோ வரும் இரண்டு முன் துண்டுகளுக்கும் பின்னால் விறைப்பான துணி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் எம்பிராய்டரி சுருங்கி அசிங்கமாகிவிடும். ஆறு துண்டுகள் சேர்ந்தது ஒரு கேப் என்றால், இரண்டு துண்டு இப்படிப் போய்விடுகிறது.

ஆக, நீள வேண்டிய மொத்தத்தையும் பின்னால் இருக்கும் மூன்றில் இரண்டு பங்குதான் சுமக்க வேண்டும். 54 செ.மீ. தொப்பியில் 36 செ.மீ. மட்டுமே நீளும். 61-க்குப் போக அந்த 36-ல் 7 செ.மீ. வர வேண்டும். 13% என்று ஆரம்பித்தது இப்போது 19% ஆகிவிட்டது. பெரிய தலையில் கேப் போட்டால் லோகோ முன்னால் இருக்கும், ஆனால் காதுக்குப் பின்னால் மட்டும் இழுத்துப் பிடிப்பது மாதிரி தெரியும். அதன் காரணம் இதுதான்.

தையலையும் விட்டுவிட முடியாது. சாதாரண மிஷினில் போடும் நேர்த் தையலில் நூல் நேராக ஓடும். துணி நீளும், நூல் நீளாது. இழுத்துப் போட்டால் 'படபட'வென்று தையல் விட்டுவிடும். எலாஸ்டிக் வரும் இடங்களில் ஜிக்ஜாக், சங்கிலித் தையல், ஓவர்லாக் போன்ற இடம் கொடுக்கும் தையல்தான் தாங்கும். மலிவான ஃப்ரீ சைஸ் கேப்பில் முதலில் விட்டுப்போவது பெரும்பாலும் துணி அல்ல, உள்பட்டையின் தையல்.

இத்தனையையும் தாண்டி வந்த ஃப்ளெக்ஸ்ஃபிட் கேப்பின் உள்சீட்டைப் பார்த்தால் சுவாரஸ்யமான ஒரு விஷயம் தெரியும். அதில் 'ஃப்ரீ சைஸ்' என்று இருக்காது. பல மாடல்கள் எஸ்/எம், எல்/எக்ஸ்எல் என்று இரண்டு அளவாக வருகின்றன. ஒன்று சுமார் 54 முதல் 58 செ.மீ. வரை, இன்னொன்று 57 முதல் 61 வரை. சிலவற்றில் அதற்கும் மேலே ஓர் அளவு உண்டு. எலாஸ்டிக் தொப்பியைப் பிரபலமாக்கியவர்களே ஒரு தொப்பிக்கு 4 செ.மீ. என்று கோடு போட்டுவிட்டார்கள். பத்து அளவு இரண்டோ மூன்றோ ஆனது, ஒன்றாகவில்லை.

துவைப்பதிலும் கவனம் வேண்டும். ஸ்பாண்டெக்ஸுக்கு அதிக சூடும் ஆகாது, குளோரினும் ஆகாது. ப்ளீச்சிங் போட்டால், சுடுதண்ணீரில் ஊற வைத்தால், மாதக்கணக்கில் கார் டேஷ்போர்டில் வெயிலில் போட்டுவைத்தால், இழை தன் திரும்பும் குணத்தை இழந்துவிடும். அப்புறம் அது தொப்பி இல்லை, தலைமேல் வைத்த பை.

சுற்றளவு ஒன்று, வடிவம் வேறு

இரண்டு பேருக்குத் தலைச் சுற்றளவு 57 செ.மீ. ஒருவர் தலை முன்பின்னாக நீளம்; இன்னொருவருடையது உருண்டை. டேப்புக்கு இருவரும் ஒன்று. தொப்பிக்கு இல்லை.

ஒரு தீப்பெட்டியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுப் பாருங்கள். மூலைகளில் அழுந்தும், தட்டையான பக்கங்களில் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். இயற்பியல் அதுதான்: ஒரே இழுவிசையில், வளைவு கூர்மையாக இருக்கும் இடத்தில் அழுத்தம் அதிகம். நீண்ட தலையில் எலாஸ்டிக் பட்டை நெற்றியிலும் பின்னந்தலையிலும் அழுத்தும். பொட்டுப் பக்கத்தில் லூசாக இருக்கும். உருண்டைத் தலையில் அழுத்தம் சுற்றிலும் ஓரளவு சமமாகப் பரவும்.

மென்மையான தொப்பியில் இதைச் சமாளித்துவிடலாம். வளையாத பொருளில் முடியாது. ஹெல்மெட் வடிவமைப்பாளரான ரோஜர் பால், மேலைநாட்டுத் தலை அளவுகளை வைத்துச் செய்த ஹெல்மெட்கள் ஆசியாவில் சரியாகப் பொருந்தாததைக் கவனித்தார். ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி 'சைஸ்சைனா' என்ற திட்டத்தில் சீனர்களின் தலைகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்தார்கள். அந்தத் தரவை மேலைநாட்டவரின் தலைகளோடு ஒப்பிட்டு 2010-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. சீனர்களின் தலை பொதுவாக இன்னும் உருண்டையானது, நெற்றியும் பின்னந்தலையும் தட்டையானவை என்பது அதன் முடிவு. அதுவரை 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்லப்பட்ட அளவு, உலகின் ஒரு பகுதியினரின் அளவுதான்.

பைக் ஹெல்மெட் வாங்கும்போது 'ஃப்ரீ சைஸ்தான் சார்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்பதும் இதனால்தான். ஹெல்மெட்டின் ஓடு நீளாது. உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கி இடம் கொடுப்பதுபோல் தோன்றும், ஆனால் லூசான ஹெல்மெட் விபத்தில் தலையை விட்டுக் கழன்றுவிடலாம்.

தொப்பி மருத்துவமனைக்குப் போகும்போது

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி சோதனையில் எலாஸ்டிக் தொப்பிதான் பல ஆய்வகங்களில் பயன்படுகிறது. துணியில் ஆங்காங்கே மின்முனைகள் பதித்திருக்கும். எந்த முனை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு '10-20 முறை' என்று உலகப் பொது விதி உண்டு. அது செ.மீ. கணக்கில் பேசாது. மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பின்னந்தலை மேடு வரை உள்ள தூரத்தில் 10%, 20% என்று சதவீதத்தில் பேசும். தலை பெரிதானால் முனைகளும் அதே விகிதத்தில் விலக வேண்டும். எலாஸ்டிக் துணிக்கு இது கையோடு பிறந்த குணம். துணி நீளும்போது முனைகளும் தாமாகவே விலகுகின்றன.

ஆனாலும் ஒரே தொப்பியை எல்லாருக்கும் மாட்டுவதில்லை. பரவலாகப் பயன்படும் ஈஈஜி தொப்பிகள் 50-54, 54-58, 58-62 செ.மீ. என்று அளவுக்கு ஒன்றாக, நிறம் மாற்றி வருகின்றன. இங்கும் அதே 4 செ.மீ.! கேப் கம்பெனியும் மூளை ஆய்வகமும் வேறு வேறு வழியில் போய் ஒரே எல்லையில் வந்து நின்றிருக்கின்றன.

சுற்றளவு சரியாக இருந்தும் தொப்பி தோற்கும் இடம் ஒன்று உண்டு. முடி. அடர்ந்த சுருள் முடியில் மின்முனை தோலைத் தொடாது. தொப்பியை இன்னும் இறுக்கினாலும் பலன் இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அர்னெல் எட்டியென் என்பவர் இருந்த குழு இதற்குத் தொப்பியையே விட்டுவிட்டது. 10-20 முறைக்கு ஏற்ப முடியைத் தலையோடு ஒட்டிய பின்னல்களாகப் போட்டு, நடுவில் தெரியும் தோலில் முனைகள் அழுந்தி நிற்க, பின்னல்களிலேயே மாட்டிக்கொள்ளும் கிளிப்களைச் செய்தார்கள். முடி இடைஞ்சலாக இருந்தது போய், பிடிமானமாக மாறியது.

கீமோதெரபி வார்டில் இன்னொரு தொப்பி இருக்கிறது. மருந்து செலுத்தும்போது தலைத் தோலைக் குளிரவைத்தால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். முடி வேர்களுக்குப் போகும் மருந்து குறையும். முடி உதிர்வதும் குறைய வாய்ப்புண்டு. இதற்காகக் குளிர்திரவம் ஓடும் சிலிகான் தொப்பிகளை ஸ்வீடனின் டிக்னிடானா, இங்கிலாந்தின் பேக்ஸ்மேன் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015-ல் முதலாவதற்கும் 2017-ல் இரண்டாவதற்கும் அனுமதி கொடுத்தது.

இந்தத் தொப்பியில் பொருத்தம்தான் சிகிச்சை. தொப்பிக்கும் தோலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் அந்த இடம் குளிராது. அங்கே மட்டும் வட்டமாக முடி கொட்டிவிடலாம். பேஸ்பால் கேப் பொருந்தாவிட்டால் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். இங்கே ஒருவர் கண்ணாடி முன் நிற்கும்போது அது தெரியும். அதனால்தான் இவையும் பல அளவுகளில் வருகின்றன. எந்த அளவு, எப்படி மாட்டுவது என்பதற்குச் செவிலியர்களுக்குத் தனிப் பயிற்சியும் உண்டு.

பச்சைக்குழந்தை விஷயத்தில் எலாஸ்டிக் சீக்கிரமே கைவிட்டுவிடும். பிறக்கும்போது சுமார் 34 செ.மீ. இருக்கும் தலை, முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 46 ஆகிவிடும். ஒரே வருஷத்தில் 12 செ.மீ., மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பெரியவர்கள் எல்லாரையும் சேர்த்தாலே 8 செ.மீ.தான் வித்தியாசம். 'வளர்ந்தா சரியாயிடும்' என்று பெரிய குல்லாவாக வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் தளர்ந்த குல்லா தூக்கத்தில் நழுவி முகத்தை மூடலாம் என்பதால் பெரிதாக வாங்காமல் இருப்பதே நல்லது.

மீண்டும் டோக்கியோ

சோல் கேப் பிறந்த கதை ஒரு நீச்சல் வகுப்பில் தொடங்குகிறது. டோக்ஸ் அகமது-சலாவுதீன், மைக்கேல் சாப்மேன் என்ற இரண்டு நண்பர்கள் பெரியவர்களான பிறகு லண்டனில் நீச்சல் கற்றுக்கொள்ளப் போனார்கள். வகுப்பில் இருந்த ஒரு பெண் தன் சுருள் முடியைத் தொப்பிக்குள் திணிக்கப் படாத பாடு பட்டதைப் பார்த்தார்கள். 2017-ல் நிறுவனம் தொடங்கியது.

அவர்கள் பிடித்த விஷயம் எளிமையானது. சிலிகானும் நன்றாக நீளும் பொருள்தான். சாதாரண நீச்சல் தொப்பியை அடர்ந்த முடிமேல் இழுத்து மாட்டிவிடலாம். ஆனால் நீண்ட சிலிகான் திரும்பி வரத் துடிக்கும், முடியை அமுக்கும், கொஞ்ச நேரத்தில் மேலே ஏறி வழுக்கிக் கழன்றுவிடும். அவர்களுக்குத் தேவை இன்னும் நீளும் தொப்பி அல்ல, உள்ளே இடம் இருக்கும் தொப்பி. தலைச் சுற்றளவு விளிம்புக்கான கணக்கு. முடியின் கொள்ளளவு அதற்கு மேலே இருக்கும் குடுவைக்கான கணக்கு. ஃப்ரீ சைஸ் என்று சொல்லும்போது முதல் கணக்கை மட்டும்தான் எல்லாரும் போட்டிருந்தார்கள்.

பிரிட்டன் சார்பில் ஒலிம்பிக்கில் நீந்திய முதல் கறுப்பினப் பெண்ணான ஆலிஸ் டியரிங், அந்த நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கியவர். டோக்கியோவில் 10 கி.மீ. திறந்தவெளி நீச்சலில் அவர் கலந்துகொண்டபோது சோல் கேப்புக்கு அனுமதி இல்லை. சர்வதேசப் போட்டிகளில் நீந்துபவர்கள் இந்த அளவுத் தொப்பியை இதுவரை பயன்படுத்தியதில்லை, அவர்களுக்கு அது தேவையும் இல்லை என்பது ஃபினா தரப்பு சொன்ன இன்னொரு காரணம். பொருந்தும் தொப்பி இல்லாததால் குளத்துக்கே வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த வாதம் கணக்கில் எடுக்கவில்லை என்று விமர்சனம் கிளம்பியது. கூட்டமைப்பு முடிவை மறுபரிசீலனை செய்வதாகச் சொன்னது.

2022 செப்டம்பரில் அனுமதி வந்தது. சோல் கேப் இப்போது அங்கீகரிக்கப்பட்ட நீச்சல் உபகரணங்களின் பட்டியலில் இருக்கிறது.